ஜலஜாட்சி கையெழுத்துப் போடாத பக்கம்

ஜலஜாட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொல்ல முடியாது. மங்களூர் பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷம் இருந்தவள். இப்போது பெங்களூரில், எங்கள் கம்பெனி கட்டும் இணையப் பக்கங்களுக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து, எங்கே எரிச்சல்படுகிறார்கள், எங்கே பயப்படுகிறார்கள் என்று குறித்துக்கொள்வது அவள் வேலை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் பக்கம் வெளியே போகும். பக்கம் கட்டுகிறவன் நான். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது ஆஸ்பத்திரிப் பக்கம். டயாலிசிஸுக்கு நேரம் பதிவு செய்வது. திங்கள் முதல் கவுன்டரை மூடிவிட்டு எல்லாம் இதில்தான். விரலில் ஒரு கருவி மாட்டுவோம்; மனசு பதறினால் திரையில் கோடு ஏறும். வந்த ஆறு பேருக்கும் கோடு எகிறியது. ஒருவர் திட்டிய திட்டில் எனக்கு டீ இறங்கவில்லை.

ஏழாவது ஆள் ஹொன்னம்மா. புருஷனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பதிவு மூன்று தடவை தப்பாகப் போனது. கோடு அசையவே இல்லை.

"பாத்தீங்களா? அந்த ஆறு பேரும் சும்மா கத்துறவங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றது இந்தம்மா மாதிரி ஆளுங்கதான்," என்றார் மேலாளர் நாகபூஷணா. "ஜலஜா மேடம், கையெழுத்தப் போடுங்க. அஞ்சு மணிக்கு அனுப்பணும்."

ஜலஜாட்சி பேனாவைத் தொடவில்லை. "மூணு தடவ தப்பாப் போயிருக்கு சார். ஒரு பெருமூச்சுகூட விடல. பஸ்ஸுல போகப்போறவங்கதான் ஜன்னல்ல கத்துவாங்க. இது நல்லால்ல."

"பஸ் ஸ்டாண்டு ஜோசியம்," என்றேன் நான்.

"நீ சும்மா இரு மாராயா," என்றாள் மங்களூர்ப் பேச்சில். நாற்காலியை ஹொன்னம்மா பக்கம் இழுத்துப் போட்டாள். "அக்கா, திங்கக்கிழமைக்கு அப்புறம் வீட்லருந்து இதுல பதிவு பண்ணுவீங்கதானே?"

ஹொன்னம்மா சிரித்தாள். "எதுக்கு தாயி? கவுன்டர் மூடுறாங்கன்னு சொன்ன அன்னிக்கே அவரு முடிவு பண்ணிட்டாரு. ஒவ்வொரு தடவையும் யார் வீட்டு வாசல்ல போனத் தூக்கிட்டு, பதிவு பண்ணிக் குடுங்கன்னு நிக்கிறது, போதும், ஊருக்குப் போயிடலாம்னு. இங்க வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன், அதான் வந்தேன். உங்க பக்கம் நல்லாத்தான் இருக்கு."

ஊருக்குப் போனால் டயாலிசிஸ் நின்றுவிடும். அதற்கப்புறம் எத்தனை நாள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஜலஜாட்சி அறிக்கையின் குறுக்கே 'கூடாது' என்று எழுதினாள்.

"ஆறு மாச வேலை! வேற ஆள வெச்சு கையெழுத்து வாங்கிக்குவேன்!" நாகபூஷணா கத்தினார்.

"வாங்கிக்குங்க சார். அதுக்கு முன்னாடி இந்தம்மா சொன்னத உங்க வாயால ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க." போனை நீட்டினாள்.

அவர் ஹொன்னம்மாவைப் பார்த்தார். பிறகு போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், "பக்கம் சரியாகிற வரைக்கும் கவுன்டர் இருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

"கேட்டீங்களா அக்கா? திங்கக்கிழமை எப்பவும்போல அவரக் கூட்டிட்டு வாங்க," என்றாள் ஜலஜாட்சி.

ஹொன்னம்மா விரல் கருவியைப் பிடுங்கி மேஜையில் எறிந்தாள். "இத மொதல்லயே சொல்லக்கூடாதா? மூட்ட முடிச்செல்லாம் கட்டியாச்சு! அந்த மனுஷன் கைக்கடிகாரத்தக் கழட்டி மருமகனுக்குக் குடுத்துட்டாரு! எவன்டா இந்தப் பக்கத்தக் கட்டினவன்?"

ஜலஜாட்சி என்னைக் காட்டினாள். நான் எழுந்து நின்று, ஹொன்னம்மா அழுது ஓயும்வரை அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டேன்.