பாதி விலைக் கோழி

அந்த வீட்டில் நாங்கள் நால்வர், எல்லோரும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்கள். மூத்தவளுக்குச் சீட்டக்கா என்று பெயர் வைத்திருந்தோம். வகுப்பு முடிந்ததும் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தாள். மாலை நான்கு மணிக்கு, அன்றோடு தேதி முடியும் பொருட்களில் மஞ்சள் நிறப் பாதி விலைச் சீட்டு ஒட்டுவாள். அவள் வாடகை அந்தச் சம்பளம்தான். வீட்டிலிருந்து ஒன்றும் வராது.

நான்கு மணிக்குக் கூடையோடு அவள் முதுகுக்குப் பின்னால் நிற்போம். நாளைத் தேதிப் பொருளை நீட்டினால் தலையாட்டுவாள்.

"தேதி முடியலம்மா. நாளைக்கு வா."

"கடையையே எழுதி வாங்கின மாதிரிதான் பேச்சு!" என்பாள் மாமி. மாமியும் எங்களில் ஒருத்தி, இருபத்திரண்டு வயது. அதட்டலுக்கு வந்த பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமி முழுக்கோழி ஒன்றைத் தயிர் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்தாள். வியாழக்கிழமை தேதி முடியும். அதுவரை யார் கண்ணிலும் படக் கூடாது. நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

வியாழக்கிழமை அதை எடுத்து நீட்டினாள். சீட்டக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒளித்த பொருளைக் குப்பையில் போட வேண்டும் என்பது கடை விதி.

"சீட்ட ஒட்டிடுக்கா," என்று மாமி என்னைக் காட்டினாள். "இவளுக்குக் காலையிலேர்ந்து காய்ச்சல். சூப் வெக்கணும்."

நான் இருமிக் காட்டினேன். அக்கா ஒட்டினாள்.

மறுநாள் மேலாளர் அவளுக்குக் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினாராம். ஒளித்தவளின் கம்பளித் தொப்பி மட்டும் தெரிந்தது.

"யாரு இது? சொல்லிட்டா உன் வேலை உனக்கு."

"தெரியாது சார்."

அவள் இதைச் சொன்னபோது மிச்சக் குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம்.

"எங்க பேரச் சொல்லலல்ல?" என்றாள் மாமி.

"இல்ல."

"அப்பாடா. கறி வேணுமா?"

வேலை போனதால் மாதக் கடைசியில் அவளால் வாடகை தர முடியவில்லை. அவள் கட்டிலுக்கு வேறு ஆளைப் பிடித்தோம். பெட்டியை மாடிப்படியில் இறக்க யாரும் எழுந்திருக்கவில்லை. கடையில் காலியான வேலைக்கு மாமி மனுப் போட்டாள், கிடைத்தது.

சில வாரம் கழித்து நான்கு மணிக்குச் சீட்டக்கா வந்தாள். யாரோ ஒருத்தியின் சோபாவில் படுத்துக்கொள்கிறாள் என்று கேள்வி. ஒரு ரொட்டிப் பாக்கெட்டை நீட்டினாள். மாமி தேதியைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்குத்தான் முடியுது."

"ஒரு நாள்தானே, ஒட்டிக் குடேன்."

மேலாளர் காதில் விழும்படி மாமி சொன்னாள்: "ஒட்டி வேலைய விட்டது நீங்க. நான் இல்ல."

அக்கா ரொட்டியை இருந்த இடத்திலேயே, தேதி முன்னால் தெரியும்படி வைத்தாள். என் கூடையில் மஞ்சள் சீட்டோடு இரண்டு ரொட்டி இருந்தன. அவற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காய்ச்சல் சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சுக்கா" என்றேன்.