தம்பி தேர்ந்தெடுத்த டிவி

சீருடை தைத்துப் பிழைக்கும் அந்தத் தையல்காரி தனக்காக டிவி வாங்க நினைக்கவில்லை. அவள் கணவருக்குக் காது அறவே கேட்காது. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்துத்தான் அவர் படம் பார்ப்பார். பழைய டிவியில் அவை எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன.

கையிலிருந்ததோ சொற்பம். அவளுடைய தம்பி டிவி கடையில் விற்பனையாளன் என்பதால் அவள் வேறு கடை ஏறவில்லை.

"ஃபுல் எச்டி அக்கா. மாமாவுக்கு எழுத்து பளிச்சுனு தெரியும். கண்ண மூடிட்டு வாங்கிக்கோ," என்றான்.

வீட்டில் எழுத்துகள் முன்னைவிட மங்கலாக ஓடின. கணவர் நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். சுவரில் மாட்ட வந்த மெக்கானிக், "இது ஃபுல் எச்டியே இல்லம்மா. கடையில காட்சிக்கு ஓடித் தேஞ்ச செட்டு," என்றார்.

அவள் தம்பிக்கு ஃபோன் செய்தாள்.

"அதைத் தள்ளிவிட்டா கமிஷன் ஜாஸ்தி அக்கா. வெளியாள்னா சண்டைக்கு வருவான். நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. மறுநாளே டிவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"யாரும்மா வித்தது?" என்றார் முதலாளி. தம்பி கண்ணாலேயே கெஞ்சினான்.

"என் கூடப்பிறந்தவன்தான்," என்று கைநீட்டிக் காட்டினாள்.

மாற்றிக் கொடுத்த டிவி சிறியது, ஆனால் தெளிவு. கணவர் எழுத்துகளை வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்.

"தப்பா வந்ததை உடனே மாத்திக் குடுத்துட்டான் பாரு. மச்சான் தங்கமானவன்," என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.