கீறல் அக்காவும் கம்ப்யூட்டர் ரூமும்

கீறல் அக்கா என்ற பெயரை வைத்தது அவளுடைய தம்பிதான். மூடிப்போன ஸ்டுடியோக்களிலும் காலி செய்த வீடுகளிலும் அவன் பழைய கேமராக்களை மொத்தமாக வாங்கி வருவான். அக்கா அவற்றைத் துடைத்து, படம் எடுத்து, விவரம் எழுதி, இணைய ஏலத் தளத்தில் போடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். லென்ஸின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கோடு இருந்தாலும், "இடது ஓரத்தில் கீறல் உண்டு, படத்தில் விழாது" என்று எழுதாமல் விடமாட்டாள். ஆரம்பத்தில் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். வாங்கியவர்கள் அதனாலேயே திரும்பத் திரும்ப வரத் தொடங்கியதும் அடிப்பதை நிறுத்திவிட்டான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கட்டியவன் போன பிறகு இரண்டு பெட்டிகளோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். பின்பக்க அறையில் கணினி மேசை ஒரு சுவரோரம், அவளுடைய கட்டில் எதிர்ச் சுவரோரம், நடுவில் படம் எடுக்க ஒரு வெள்ளை அட்டையும் இரண்டு விளக்குகளும். பதினோரு வருடமாக அங்கேதான் தூங்கி எழுகிறாள். ஆனாலும் அந்த அறைக்கு வீட்டில் கம்ப்யூட்டர் ரூம் என்றுதான் பெயர். அக்காவின் அறை என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கம்ப்யூட்டர் இருக்கும் வரை தானும் இருக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கணினியில் ஒரு பழைய மென்பொருள் இருந்தது. அந்த ஒரு கணினியில் மட்டும்தான் ஓடும். இணையம் இல்லாவிட்டாலும் நம் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம், நூறு பொருளை வரிசையில் நிறுத்தி ஒரே தட்டில் அனுப்பலாம். தம்பி பிடித்து வந்த புதுக் கருவியோ பிரௌசரிலேயே திறக்கும். ஃபோனில் பார்க்கலாம், பேருந்தில் நின்றுகொண்டும் விலை மாற்றலாம். அதை அவன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். நெட் போனால் பாதி எழுதியது அப்படியே போய்விடுமே என்றாள் அக்கா. நெட் எங்கே போகிறது இந்தக் காலத்தில் என்றான் அவன். தம்பி மனைவி இதில் வாயே திறக்கவில்லை. பின்பக்க அறையின் நீள அகலத்தை மட்டும் ஒரு நாள் டேப் வைத்து அளந்துகொண்டு போனாள்.

நெட்டும் போகத்தான் செய்தது. தெருவில் எங்கோ கேபிளை வெட்டிவிட்டார்கள். அந்த வாரம் அக்கா அறுபத்துமூன்று கேமராக்களை எழுதி முடித்து வரிசையில் நிறுத்தியிருந்தாள். தம்பிக்குப் பொறுமை இல்லை. அதே அறுபத்துமூன்றையும் ஃபோனிலிருந்து இரண்டே வரி எழுதி, ஒவ்வொன்றாகப் புதுக் கருவியில் ஏற்றிவிட்டான். ஒரு கீறல்கூட அதில் இல்லை. நன்றாகவே விற்றன. இனிமேல் பழையது வேண்டாம் என்று அன்றோடு முடிவாகிவிட்டது.

இருந்தாலும் செய்ய வேண்டியதை அக்கா சொன்னாள். அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. வரிசையில் ஏதாவது நிற்கும்போது திறந்தால், யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் தளத்துக்கு அனுப்பிவிடும். இது தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"நெட் வயரைப் பிடுங்கிட்டுத்தான் அதைத் திறக்கணும், தம்பி. இல்லேன்னா உள்ள நிக்கறது மொத்தமும் மறுபடி ஏலத்துக்குப் போயிடும். நானே அழிச்சுடறேன், அதுவரைக்கும் தொடாதே."

"சரிக்கா, சரிக்கா" என்றான் அவன், ஃபோனிலிருந்து தலையை எடுக்காமல்.

அன்றைக்கே அவள் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். அழித்துவிட்டால் மேசையில் உட்கார ஒரு காரணமும் இராது. அவள் பக்கத்துக் கீறல் அதுதான், அதை மறைப்பதற்கில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கணினி சூடாக இருந்தது. யாராவது பாட்டு கேட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். மருந்து விட்ட கண்ணுக்கு அன்று முழுவதும் எழுத்தும் தெரியவில்லை. அதன் பிறகும் அந்த மென்பொருளைத் திறப்பதை நாளை என்றே தள்ளினாள்.

ஏழு நாள் கழித்து ஏலம் முடிந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அறுபத்துமூன்றும் இரண்டாம் முறையாக விற்றிருந்தன. புதுக் கருவி தான் ஏற்றியதை மட்டுமே காட்டும் என்பதால், தம்பி ஃபோனில் ஒன்றும் தெரியாமலே ஒரு வாரம் ஓடியிருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுக்க ஒரு கேமராகூடக் கையில் இல்லை. ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதினார்கள். அக்காவிடம் எட்டு வருடமாக வாங்கிய ஒரு பள்ளி வாத்தியார், உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்று ஒரே வரி எழுதினார். மறுநாள் தளம் அவர்களுடைய இணையக் கடையை முடக்கியது.

அக்கா வயரைப் பிடுங்கிவிட்டு மென்பொருளைத் திறந்தாள். எப்போது திறந்தார்கள், எப்போது அனுப்பியது என்று அது நிமிடம் விடாமல் குறித்து வைக்கும். செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. அந்த நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, முப்பத்தொன்று என்று எழுதிய டோக்கனைக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் தம்பி நின்றிருந்தான். பழைய படங்களைக் காப்பி எடுக்கத்தான் திறந்திருக்கிறான். அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

பின்னாலேயே அவன் மனைவி வந்தாள். என்ன ஆச்சு, யார் செய்தது என்றாள்.

"அக்காதான் தெரியாம திறந்துட்டா போல" என்றான் தம்பி. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

அக்கா திரையை மூடினாள்.

"ஆமா. நான்தான் திறந்தேன்."

பெருந்தன்மை ஒரு மண்ணும் இல்லை. பயம். பெண்டாட்டி முன்னால் தலைகுனிய வைத்த அக்காவைத் தம்பி எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பான்? பழியை வாங்கிக்கொண்டால், நன்றிக்காவது வைத்திருப்பான். ஐம்பத்தாறு வயதில் அவளுக்குத் தோன்றிய சாமர்த்தியம் அவ்வளவுதான்.

கடையைத் திறந்துவிடத் தளம் ஒரு படிவம் அனுப்பியது. மறுநாள் மதியம் தம்பி அதை ஃபோனிலேயே நிரப்பிக்கொண்டு வந்தான். உன் எழுத்துதான் சுத்தமா இருக்கும், ஒரு தடவை பார்த்துக் கொடு என்றான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் படித்தாள். 'தவறு செய்த ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்' என்று இருந்தது.

"இது சும்மா எழுதறதுதானே?"

தம்பி வெள்ளை அட்டையின் மடங்கிய மூலையை நிமிர்த்தினான்.

"சின்னம்மா மக வீட்ல ஒரு ரூம் காலியா இருக்காம். பேசிட்டேன். கொஞ்ச நாள் அங்க இரு, அக்கா. இங்க பார்சல் கட்டறதுக்கும் இடம் பத்தல."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை. தம்பி மனைவி அறையை அளந்த அன்றே அது தெரிந்திருக்க வேண்டும். தனக்குத்தான் உறைக்கவில்லை. மறுபடி படிவத்தைப் பார்த்தாள். எப்படித் திறந்தது, யார் திறந்தது என்று கேட்ட இடங்களிலெல்லாம் தம்பி எழுதியிருந்த பொய்யை அப்படியே விட்டாள். பதினோரு வருடத்தில் அவள் கண்டும் எழுதாமல் விட்ட முதல் கீறல் அது. அவளை ஊழியர் என்று யாரும் எழுதியதும் அதுதான் முதல் தடவை.

கீழே ஒரு கட்டத்தைத் தம்பி காலியாக விட்டிருந்தான். அந்த ஊழியர் எத்தனை ஆண்டுகள் உங்களிடம் பணிபுரிந்தார் என்று கேட்டிருந்தது.

"இது விட்டுப் போச்சு" என்றாள் அக்கா. பதினொன்று என்று அடித்து, ஃபோனைத் தம்பி கையில் கொடுத்தாள்.