தபால் ஏறாமல் நகராத கப்பல்

யுத்தம் முடிந்து மலாயாக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய காலத்தில் நான் அதில் கலாசி, கயிறு இழுத்துச் சரக்கு ஏற்றும் ஆள். எங்கள் பக்கத்து வெங்காய மூட்டைகளையும் ஆடுகளையும் அடியறையில் அடைத்து, மேல்தளத்தில் பாய் விரித்த சனங்களை நெருக்கிப் படுக்க வைத்துக்கொண்டு போகும் கப்பல். நாகப்பட்டினத்தில் அது கரைக்கு வராது, ஆழத்தில் நிற்கும். எல்லாம் படகில்தான் போய்ச் சேர வேண்டும். பாரம் தூக்கும் விஞ்சு முனகும், கயிறு உள்ளங்கையைச் சீவும், அலை படகைத் தூக்கிக் கப்பலின் விலாவில் மோதும். அதில் எனக்கொரு மயக்கம். ஊருக்கு வந்தால் தரை ஆடாமல் கிடப்பதே எரிச்சலாக இருக்கும். செந்துறைக் கொல்லையில் ஒற்றை ஆளாகக் களை வெட்டும் மனைவியிடம் இதைச் சொல்ல முடியுமா?

கப்பலில் ஒரு வழக்கம். தபால் மூட்டைகள் கடைசியாக ஏறும், அவை ஏறிய பிறகுதான் நங்கூரம் எடுப்பார்கள். பயணி பிந்தினால் விட்டுவிடுவார்கள். கலாசி பிந்தினாலும் அப்படித்தான். மூட்டை பிந்தினால் காத்திருப்பார்கள்.

அந்த முறை மகளுக்குச் சிறுவாச்சூர் கோயிலில் காது குத்த வெள்ளிக்கிழமை குறித்திருந்தோம். கப்பல் புறப்படும் நாள் முந்திவிட்டதென்று தந்தி வந்தது. வியாழனன்றே கிளம்பினேன். அரியலூர் ஸ்டேஷன்வரை மச்சினன் வண்டி கட்டி வந்தான். மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

“மடிக்குத் தாய்மாமன் நான் இருக்கேன் மச்சான். அப்பன் எங்கன்னு பூசாரி கேட்டா, கப்பல்ல ஆடு மேய்க்கப் போயிட்டாருன்னு சொல்லிடுறேன்,” என்றான் அவன்.

ரயில் வரவில்லை. எங்கோ தண்டவாளத்தில் வேலையாம், பொழுது சாயும்போதுதான் வருமென்றார்கள்.

“அப்ப கப்பல் போயிடும்ல?” என்றாள் மனைவி.

நான் பேசவில்லை. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். என் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி மாட்டுவண்டியில் திரும்ப வைத்தாள். வெயில் தாழட்டும், கிளம்பலாம் என்றான் மச்சினன். வேப்பமரத்தடியில் என் வழிச்சோற்றைப் பிரித்து, புளிச்சோறு உருண்டை உருண்டையாக மகளுக்கு ஊட்டினாள். நாளைக்கு எந்தச் சேலை, யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவள் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கைகாட்டி இறங்கியது. எழுந்துபோய்ப் பெட்டியை இறக்கினேன்.

“எங்க போறீங்க? கப்பல்தான் போயிருக்குமே!”

“போகாது. திருச்சியில மாத்துற தபால் மூட்டை இந்த வண்டியிலதான் வருது. அது ஏறாம கப்பல் நகராது.”

“மூட்டைக்கு இருக்கிற மவுசு மனுசனுக்கு இல்லைங்கிறீங்க,” என்றான் மச்சினன்.

அவள் சிரிக்கவில்லை. “அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

இலையைப் பார்த்தாள். “சொல்லியிருந்தா சோத்தைப் பிரிச்சிருக்க மாட்டேனே. வழிக்கு என்னத்தத் திம்பீங்க?”

குழந்தை கை வைத்துக் கலைத்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மடித்துக் கட்டி நீட்டினாள். வைதிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். வாங்கிக்கொண்டு ரயிலில் ஏறினேன்.

வண்டி நகர்ந்தபோது மகள் கையசைத்தாளா என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் எட்டி, தபால் மூட்டைகள் வரும் ரயில்பெட்டி பின்னால் கோத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.