கெலிஓயாவுக்குப் போன கதிரைகள்

எங்கள் அப்பா செத்த வீடுகளுக்குக் கதிரை கொடுப்பவர். அது அவருடைய தொழில் இல்லை; கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குண்டசாலையில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் மரணாதார சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அங்கத்தவர் வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், கதிரை எல்லாம் சங்கம் தரும். அவற்றை வைக்க இடமில்லை என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, "நம்ம வீட்டுல வைப்போம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து அறுபது பிளாஸ்டிக் கதிரைகள் எங்கள் ஹாலில் குடியிருந்தன. அலுமாரிக் கதவைப் பாதிதான் திறக்கலாம். சேலை எடுக்கும்போதெல்லாம் அம்மா புலம்புவார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று உட்கார இடம் போதவில்லை என்று அவற்றில் பத்தை எடுத்துப் போட்டார் இந்த மனிதர். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் சங்கத்தின் பெயர். மாப்பிள்ளையின் அத்தை முன்வரிசைக் கதிரையின் முதுகைப் படித்ததும் வெடுக்கென்று எழுந்துவிட்டார்.

"கழுவித்தான் வச்சிருக்கேன், உக்காருங்க" என்றார் அப்பா.

அந்தச் சம்பந்தம் வந்த வழியே பிலிமத்தலாவைக்குத் திரும்பிவிட்டது. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்கு விடிகாலையில் எனக்கு வெந்நீர் வைத்தார், குடையோடு பஸ் வரை வந்தார், நான் ஏறும்வரை நின்றார். கோபத்தைக்கூட நிம்மதியாக வைத்துக்கொள்ள விடமாட்டார்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, மார்க்கெட்டிலிருந்து வந்தவர் பையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் காலை உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் உறைத்தது. ஹால் காலி. ஒரு கதிரை இல்லை. அவருடைய கொப்பியைப் புரட்டினால், இரண்டு நாளைக்கு முன் அறுபதையும் கூடாரத்தையும் கெலிஓயாவில் ஒரு சாவு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் சங்கத்தில் அங்கத்தவர்கூட இல்லை. வாடகைக் கடைகளில் கேட்டால், முகூர்த்த நாள், எல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விட்டன. ஊருக்கெல்லாம் கதிரை கொடுத்த மனிதரின் சாவுக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, கால் கடுத்து, பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். அப்பாவை வெறும் முற்றத்தில் வைத்து அனுப்பப் போகிறோமா?

கெலிஓயாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே இறந்தவரின் மகள் பேசினார். "அண்ணன் டுபாயில இருந்து இன்னும் வந்து சேரலங்க. அதான் இன்னும் எடுக்கல. ஐயாவுக்குன்னா இப்பவே ஏத்தி அனுப்புறோம்" என்று அழுதார்.

லொறிக்குச் சொல்லப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார். "வேணாம். சாவு வீட்டுல உக்காந்திருக்கிறவங்கள எழுப்பாத. உங்கப்பா இருந்தா எழுப்புவாரா?"

"அவரு இருந்தா நான் ஏம்மா இப்படி அலையுறேன்!" என்று கத்திவிட்டேன். உடலின் தலைமாட்டில் நின்றுகொண்டு கத்தினேன். ஆனால் லொறிக்குச் சொல்லவில்லை.

பக்கத்துச் சிங்கள வீட்டு நோனா தன் சோபாவையே தூக்கிவரச் செய்தார். அக்கம்பக்கத்தில் திரட்டியதில் பதினைந்து கதிரை தேறியது. வயதானவர்களை உட்கார வைத்தோம். மற்றவர்கள் முற்றத்திலும் சரிவுப் பாதையிலும் நின்றார்கள். பகலில் மழை பிடித்துக்கொண்டது. சரி, இனிக் கலைந்துவிடுவார்கள் என்று வாசலுக்கு வந்து பார்த்தேன். பாதை முழுக்கக் குடை விரிந்திருந்தது. எனக்குத் தெரியாத முகங்கள்தான் அதிகம்.

ஒரு பெரியவரிடம் கோபமாகவே கேட்டேன்: "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? போங்களேன்."

"ஐயாவ எடுக்காம எப்படிம்மா போறது" என்றார்.

நாலு மணிக்கு எடுத்தோம். அதுவரை ஒருவரும் போகவில்லை.