பொறுக்கி எடுத்த நூறு பருப்பு

ஈரச் சாக்கில் ஊறிய மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், வாடை... திண்டிவனத்தில் அரசு விதை நிறுவனம் ஒன்றின் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அந்த வாடைதான்.

மூட்டையில் கையை விட்டு, வந்தது வந்தபடி நூறு பருப்பு எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைப்போம். குறைந்தது எழுபது முளைத்தால்தான் விதை என்று விற்கலாம்.

அந்த முறை ஐம்பத்தெட்டுதான் முளைத்தது.

விழுப்புரத்திலிருந்து மேலாளர் போன் செய்தார். "இந்த மாசத்துக்குள்ள ஸ்டாக் கிளியர் ஆவணும்மா. டார்கெட் போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

வேலை நிரந்தரமாகாத நேரம். மறுபடியும் சோதனை வைத்தேன். ஆனால் இந்த முறை திரண்ட பருப்பாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். எழுபத்துநாலு முளைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்...

ஒலக்கூர் பக்கத்திலிருந்து விதை வாங்க வந்தார் சரோஜா அக்கா. அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்.

"மொத தடவையா குத்தகைக்கு நெலம் புடிச்சிக்கினு பயிரு வெக்கிறோம் மேடம். நல்லா மொளைக்குமா?"

"மொளைக்கும்க்கா" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்தேன். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ மெதுவாகக் கேட்டார்.

"பாதிக்குப் பாதி மொளைக்கல மேடம். நாங்கதான் தண்ணி சரியா வுடலயா?"

"அப்படித்தான் இருக்கும்க்கா."

ஆமாம், அப்படியேதான் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருடம் டார்கெட்டை முழுசாக முடித்த ஒரே கிளை எங்களுடையது. பாராட்டுக் கடிதம் வந்தது. வேலையும் நிரந்தரமானது.

இப்போது சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெனரல் மேனேஜர் பதவிக்கு நாளை இன்டர்வியூ. அந்த நாற்காலிக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள்... தலைமைப் பண்பு, முடிவெடுக்கும் திறன், நேர்மை. ஒவ்வொன்றுக்கும் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு உதாரணம் எழுத வேண்டும்.

முடிவெடுக்கும் திறனுக்கு அந்த வருடத்து டார்கெட்டைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். நேர்மைக்கு என்ன எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நாளை அதை விரிவாகச் சொல்லச் சொல்வார்கள்.

அப்போது மேலாளரின் போனுக்குப் பயந்தேன். பதவி கிடைத்தால், கிளைகளுக்குப் போன் போடப்போகிறவள் நான்தான். ஏதோ ஒரு கிடங்கில் ஒரு புதுப்பெண் எனக்குப் பயந்து பருப்புப் பொறுக்குவாள்...

அவள் அனுப்பும் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.