பிரேக்குக்கு வைத்த பொட்டு

கல்யாணமாகி மைசூருக்கு வந்த அன்று, வீட்டுக்குள் நுழையுமுன்பே என் வீட்டுக்காரர் எனக்குக் காட்டியது ஒரு காரைத்தான். மதராஸில் செய்து விற்ற பழைய ரகம், இரண்டே கதவு. அதன் முன்பக்கம் முழுசாக மூக்கோடு முன்னால் கவிழ்ந்து திறக்கும். கொள்ளேகாலத்தில் ஒரு பட்டு வியாபாரியின் கொட்டகையில் கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தனவாம். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன் என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்த வெளிச்சத்தை, மணவறையில் என்னைப் பார்த்தபோதுகூட நான் பார்த்திருக்கவில்லை.

"ஸ்போர்ட்ஸ் காருங்கறேன்," என்றார்.

"கதவு ரெண்டுதான் இருக்கு, அதனாலயா?"

"பொறு புள்ள. ஓடறப்ப பாரு."

அவர் கொள்ளேகாலத்துக்கு அந்தப் பக்கம் மார்டள்ளி என்ற கிராமத்துக்காரர். ராகியும் மக்காச்சோளமும் விளைந்த காட்டிலிருந்து வந்து மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். பந்தயம் ஓட்டுகிறவர் அல்ல. ஆனால் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதராஸுக்கு இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருந்த பந்தயத் தடத்தைச் சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். பரிசு, கோப்பை ஒன்றும் கிடையாது. பரிசோதனையில் வண்டி தேறினால் இருபது நிமிஷம் இஷ்டம்போல் சுற்றலாம். அந்த இருபது நிமிஷத்துக்காக வருஷம் முழுக்க ஞாயிறுகள் போயின. பின் இருக்கை போயிற்று, பம்பர் போயிற்று. உள்ளே இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு மாதிரி ஒன்றை வெல்டிங் வைத்தார். வால்வு இடைவெளியை மெல்லிய தகட்டை நுழைத்து நுழைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால், வீணைத் தந்தியைத் தொடுகிறவர் போல. வேலை செய்யும்போது அவரிடம் பேசினால் பதில் வராது. ஆனால் புன்னகை வரும், அது எனக்கா இஞ்சினுக்கா என்று தெரியாது.

ஒரு வருஷம் பின்சக்கரத்தில் எண்ணெய் கசிகிறது என்று பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர் திரும்பி ஓட்டி வந்தார். வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்த வருசமும் உள்ள விடலைன்னா வித்துப்போடறேன்."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. வாசலில் என் கோலத்தின் மேல் கிரீஸ் சொட்டியது. அவர் சட்டைகள் எந்த சோப்புக்கும் மசியவில்லை. நான் அதைச் 'சக்களத்தி' என்றே கூப்பிடுவேன், அவர் சிரிப்பார். அவர் சிரிப்பதால் இன்னும் கோபம் வரும். விற்றுத் தொலையட்டும் என்று அந்த வருஷம் பல ராத்திரிகள் நினைத்தபடியே தூங்கிப்போயிருக்கிறேன்.

பிறகு எப்போது அது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு ஞாயிறு பிளக்கைத் துடைத்துக் கொடுத்தேன். இன்னொரு ஞாயிறு, எண்ணெய் வடிக்கும் திருகாணி அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க அதில் ஓட்டை போட்டு மெல்லிய கம்பி கட்டுவதைப் பார்த்து, "பூக்கட்டற மாதிரிதானே, குடுங்க" என்று நானே வாங்கி முடிந்தேன். அவர் அந்த முடிச்சைத் தட்டிப் பார்த்தார். "ஃபேக்டரில இப்படி ஒருத்தனுக்கும் கட்டத் தெரியாது," என்றார். தொழிற்சாலைக்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. வெள்ளி விஜயதசமி. சனி விடியற்காலையில் கிளம்பினால்தான் ஞாயிறு தடம். வேலை எல்லாம் முடிந்து பிரேக் மட்டும் பாக்கி. வண்டி நான்கு மரக்கட்டைகள் மேல் சக்கரமில்லாமல் நின்றது. சக்கரத்துக்கு இரண்டாக எட்டு பிரேக் ஷூக்களுக்கும், டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும் புது லைனிங் அடித்து வாங்கி வந்து, பிறை பிறையாக செய்தித்தாளில் பரப்பி வைத்துவிட்டு, தொழிற்சாலைப் பூஜைக்குப் போய்விட்டார். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பதால், மாட்டும் வேலை வெள்ளிக்கிழமைக்கு என்று திட்டம்.

வீட்டுப் பூஜையை நான் செய்தேன். ஸ்பேனர்களை, சுத்தியலை, ஜாக்கியை சாமி முன்னால் அடுக்கினேன். அதுவரை நான் அந்தக் காருக்கு ஒரு பூகூட வைத்ததில்லை. அன்று சாமந்தி மாலை போட்டேன். அப்புறம் அந்த எட்டு பிறைகள். தவிட்டு நிறத்தில், பொட்டு வைக்கச் சொல்லியே செய்தது போல வழுவழுவென்று இருந்தன. குங்குமம் நிற்காமல் உதிர்ந்தது. எங்கள் வீட்டில் உலக்கைக்கும் அரிவாளுக்கும் செய்கிறபடி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டு, அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஷூவுக்கு மூன்று பொட்டு. சாயங்காலம் பொரிப் பொட்டலத்தோடு வந்தவர் வாசலில் மாலையைப் பார்த்து அப்படியே நின்றார். பூஜை அறைக்குள் எட்டிப் பார்க்காமல் கைகால் கழுவப் போனார். நானும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன்.

காலையில் பார்த்தார். கற்பூரம் காட்டி முடித்து ஒரு ஷூவை எடுத்தார். திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெ வெச்சியா?"

"குங்குமம் ஒட்டலீங்க. ஒரு சொட்டுதான்."

"எட்டுலயுமா?"

"ஒண்ண விட்டா நல்லா இருக்காதுன்னு…"

தரையில் உட்கார்ந்துவிட்டார். லைனிங் எண்ணெய் குடித்தால் பிரேக் வழுக்கும். ஒரு சக்கரம் பிடித்து இன்னொன்று பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இதை அவர் எனக்குக் கத்தாமல் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பெட்ரோலில் கழுவினார். அடுப்பில் காட்டியபோது, ராத்திரி முழுக்க உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் நெற்றி வியர்வை மாதிரி மறுபடி மேலே வந்தது.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் விடு," என்றார்.

அடுத்த வருஷம் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நானாக வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அவர் அப்படி நினைக்க எல்லாக் காரணமும் நான் கொடுத்திருந்தேன், அத்தனை மாதமாக. அவர் அதைக் கேட்கவே இல்லை. அந்தக் கேட்காமை தாங்கவில்லை.

"லைனிங் அடிக்கற பாய் எங்க இருக்கார்?"

"சயாஜி ராவ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கடைக்கு மேலயே வீடு. இன்னைக்கு ஜம்பு சவாரி புள்ள, தசரா யானை ஊர்வலம். அந்த ரோட்டை ஒருத்தரும் தாண்ட முடியாது."

"பொட்டு வெச்சது நான். நான் போறேன். நீங்க டிரம்மைத் தொடச்சு வையுங்க."

ஒயர் கூடையில் எட்டு இரும்பையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தேவராஜ மொஹல்லாவுக்கு முன்பே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கூடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றி, ஊரெல்லாம் யானை பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நடந்தேன். மார்க்கெட் சுவர்மேல், மரத்தின்மேல், விளம்பரப் பலகைமேல் எல்லாம் மனிதர்கள். தெரு ஓரத்தில் கயிறு. கயிற்றுக்குப் பின்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்னைத் திட்டிய திட்டு கன்னடத்திலும் தமிழிலுமாக இன்னும் காதில் இருக்கிறது.

போலீஸ்காரர் லத்தியால் கூடையைத் தொட்டு, என்ன இது என்று கேட்டார். "ஏனம்மா இது?"

"பிரேக்கு, சார். காரோட பிரேக்கு."

குனிந்து பார்த்தார். தேய்த்தும் போகாத குங்குமக் கறையைப் பார்த்ததும் அவர் மீசை அசைந்தது. யானைக்குப் போடவா கொண்டுபோகிறாய் என்று கன்னடத்தில் கேட்டார். பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையைப் பார்த்ததும் மனிதர் பதறிப்போய், "ஓடு ஓடு, பேக ஹோகு," சீக்கிரம் போ என்று கயிற்றைத் தூக்கினார். லட்சம் ஜனம் பார்க்க, வெறிச்சோடிக் கிடந்த அந்த அகலமான வீதியைக் கூடையோடு குறுக்கே ஓடிக் கடந்தேன். எங்கோ யாரோ கைதட்டினார்கள்.

பாய் மொட்டைமாடியில் வீட்டு ஜனங்களோடு ஊர்வலத்துக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரி ஷெட்டுகளில் கற்ற தமிழ் அவருக்கு. ஒரு ஷூவை எடுத்து முகர்ந்தார்.

"எள்ளெண்ணெ. அக்கா, நான் முப்பது வருசமா லைனிங் அடிக்கறேன். கிரீஸ் பாத்தேன், டீசல் பாத்தேன். சந்தனம் இப்பதான் பாக்கறேன்."

"நாளைக்கு விடியக்காலம் கிளம்பணும் பாய். இல்லேன்னா அவர் வண்டிய வித்துடுவார்."

"நேத்து அடிச்சுக் குடுத்ததுதானே இது? அந்த மனுசன் கைல ஒவ்வொண்ணா தடவிப் பாத்து வாங்கிட்டுப் போனார். வாத்தியார் பேப்பர் திருத்தற மாதிரி." எழுந்தார். அவர் மனைவி, "யானை வரப்போகுதே," என்று உருதுவில் சொன்னது எனக்கே புரிந்தது. "அது எப்பவும் வர்ற யானை," என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

நான் கீழே அவரோடு இருந்தேன். பழைய ரிவெட்டுகளைத் தட்டி எடுத்து, எண்ணெய் குடித்த லைனிங்கை எறிந்து, புதிதை வைத்து அடித்தார். பாதி ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் கிடந்தது. வெளியே பேண்டு வாத்தியம், டொள்ளு மேளம், கூட்டத்தின் பெரிய ஓ. யானைமேல் தங்க அம்பாரி கடைக்கு எதிரில் போனபோது பாய் நிமிரவே இல்லை. செப்பு ரிவெட்டின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் பார்த்தேன்.

பொழுது சாய நான் வீடு சேர்ந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். கூடையை வாங்கினார். எட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கூடையின் பிடி இரண்டு கையிலும் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. தேங்காயெண்ணெய் எடுக்கப் போனவர், பாதி வழியில் நின்று, "வேண்டாம், இன்னைக்கு உன் கைல எண்ணெயே வேண்டாம்," என்றார். அன்று காலையிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தோம்.

ஷூக்களை மாட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். அவர் சக்கரத்தடியில் படுத்து, பிரேக் எண்ணெய்க் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார்.

"அமுத்து."

"அமுத்தியாச்சு."

"புடி. விடாத… இப்ப விடு."

நாலு சக்கரத்துக்கும் எத்தனை தடவை என்று நினைவில்லை. அமுத்து, புடி, விடு. மெதுமெதுவென்று உள்ளே போன மிதி, கடைசியில் என் பாதத்துக்கடியில் கல் மாதிரி நின்றது. பாதம் வழியாக அது எனக்குத் தெரிந்தது. "வந்துடுச்சுங்க," என்றேன். கீழேயிருந்து, "எனக்கும் தெரியுது புள்ள," என்றார்.

ஞாயிறு காலை பரிசோதனைக்காரர் வண்டியைத் தூக்கிச் சக்கரங்களை ஆட்டினார், தரையில் தாள் விரித்துக் கசிவு பார்த்தார், கம்பி முடிச்சுகளை இழுத்தார். கடைசியில் வேகமாக வந்து வெள்ளைக் கோட்டில் நிறுத்தச் சொன்னார். வண்டி நேராக வந்து, நேராக நின்றது. கண்ணாடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. தலைக்கவசத்தின் பட்டையை அவர் இழுத்து இறுக்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அப்புறம் தடத்துக்குள் போய்விட்டார். சுவரோரம் நின்று, தூரத்து வளைவில் அந்தச் சத்தத்தை மட்டும் பிரித்துப் பிரித்துத் தேடினேன். எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். புதுச் சின்ன கார்கள், மோட்டார் வைத்த மிட்டாய் டப்பா மாதிரி ஒன்று, எல்லாம். கடைசியாக எங்கள் வண்டி வந்தது, மூக்கை நீட்டிக்கொண்டு, யாரோடும் போட்டியில்லாமல். என் எதிரில் வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினார்.

"கையை எடுக்காதீங்க," என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை.

அடுத்த சுற்றிலும் எடுத்தார்.